இரட்டைக் குழந்தைகளா? பிரசவத்துக்கும் தாய்ப்பாலுக்கும் முன்பே தயாராகுங்கள்

ஸ்கேன் அறையில் டாக்டர் "ரெண்டு குழந்தைம்மா" என்று சொன்ன அன்றே வீட்டில் கேள்விகள் ஆரம்பித்துவிடும். ஆபரேஷன்தானா? பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளலாமா? ரெண்டு பிள்ளைக்கும் பால் பத்துமா? இவற்றுக்குப் பதில் தேட வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. இரட்டைக் கர்ப்பத்தில் பாதிக்கும் மேற்பட்ட பிரசவங்கள் 37 வாரம் நிறைவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. ஆகவே, மற்றவர்கள் ஒன்பதாம் மாதத்தில் செய்யும் ஏற்பாடுகளை நீங்கள் ஏழாம் மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இரண்டு குழந்தைகளுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடியா, அல்லது ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கிறார்களா என்பது தெளிவாகத் தெரியும். நாள் போகப்போக இதைக் கண்டுபிடிப்பது கடினம். டாக்டரிடம் மறக்காமல் கேளுங்கள். தாய் சேய் அட்டையில் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இது ஏன் முக்கியம்? தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் போதும். ஒரே நஞ்சுக்கொடி என்றால், ஒரு குழந்தைக்கு இரத்தம் அதிகமாகவும் இன்னொரு குழந்தைக்குக் குறைவாகவும் போய்விடும் ஆபத்து உண்டு. அதைக் கவனிக்க 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும். "போன மாசம்தானே எடுத்தோம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.

பிரசவத் தேதியும் இதைப் பொறுத்ததுதான். வேறு சிக்கல் இல்லாவிட்டால், தனித்தனி நஞ்சுக்கொடி உள்ளவர்களுக்கு 37 வாரம் அளவிலும், ஒரே நஞ்சுக்கொடி உள்ளவர்களுக்கு 36 வாரம் அளவிலும் பிரசவத்தைத் திட்டமிடுவது வழக்கம். இரண்டு குழந்தைகளும் ஒரே பனிக்குடத்துக்குள் இருப்பது அபூர்வம். அப்படி இருந்தால் இன்னும் முன்னதாகவே, அறுவை சிகிச்சை மூலம் எடுப்பார்கள்.

எந்த மருத்துவமனை?

கர்ப்பம் உறுதியானதும் பிக்மி தளத்தில் பதிவு செய்து ஆர்.சி.எச். எண்ணைப் பெற்றிருப்பீர்கள். இல்லையென்றால் உங்கள் பகுதி கிராம அல்லது நகர சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி உடனே பதிவு செய்யுங்கள். குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண் கேட்கப்படும். இரட்டைக் கர்ப்பம் என்று செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். இது கூடுதல் கவனிப்பு தேவைப்படும் கர்ப்பம் என்பதால் உங்களைத் தனியாகத் தொடர்ந்து கவனிப்பார்கள்.

மாதாந்திரப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்துகொள்ளலாம். பிரசவத்துக்கு மட்டும் எல்லா வசதியும் ஒரே இடத்தில் இருக்கும் மருத்துவமனை வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் 'சீமாங்க்' மையங்கள் இயங்குகின்றன. தனியார் மருத்துவமனை என்றாலும் இந்த நான்கையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்:

• இரவிலும் அறுவை சிகிச்சை செய்ய டாக்டரும் மயக்க மருந்து நிபுணரும் இருப்பார்களா?
• இரத்த வங்கி அங்கேயே இருக்கிறதா?
• பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு உண்டா? இரண்டு குழந்தைகளையும் ஒரே நேரத்தில் சேர்க்க முடியுமா?
• குறைமாதத்தில் வலி வந்தால் இங்கேயே பார்ப்பார்களா, வேறு இடத்துக்கு அனுப்புவார்களா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பிறந்த பிறகு இரண்டு சின்னஞ்சிறு குழந்தைகளை ஆம்புலன்ஸில் வேறு ஊருக்குக் கொண்டுபோவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே சரியான இடத்துக்குப் போய்ச் சேர்வது பல மடங்கு பாதுகாப்பு. 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகும்போல் தெரிந்தால், குழந்தைகளின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு ஊசி போடுவார்கள். அது வேலை செய்ய நேரம் வேண்டும். சீக்கிரம் போனால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும்.

ஆபரேஷன்தானா?

எல்லோருக்கும் தேவைப்படாது. முதலில் வரவேண்டிய குழந்தையின் தலை கீழ்நோக்கி இருந்து, தனித்தனிப் பனிக்குடமாக இருந்து, வேறு பிரச்சினையும் இல்லை என்றால் சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். ஆனால் முதல் குழந்தை பிறந்ததும் இரண்டாவது குழந்தை குறுக்காகத் திரும்பிவிடக்கூடும். அதனால் ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும் இடத்தில்தான் அந்த முயற்சி நடக்க வேண்டும்.

இரண்டு குழந்தைகளைச் சுமந்து விரிந்த கர்ப்பப்பை, பிரசவத்துக்குப் பின் சுருங்கத் தாமதமாகலாம். அப்போது இரத்தப்போக்கு அதிகமாகும். எனவே இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாளும் விடாதீர்கள். உங்கள் ஹீமோகுளோபின் அளவு எவ்வளவு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உறவினர்களில் இரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு மூன்று பேரிடம் முன்பே பேசி வைப்பதும் நல்லது.

செலவும் வண்டியும்

2011-ல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, இரத்தம், உள்நோயாளி உணவு எல்லாமே இலவசம். குழந்தைக்கு உடல்நலம் சரியில்லை என்றால் ஒரு வயதுவரை சிகிச்சையும் இலவசம். யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 104 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

வலி வந்தால் 108. பிரசவம் முடிந்து வீடு திரும்ப 102 தாய் சேய் ஊர்தி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் ரொக்கமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் தவணைகளாகக் கிடைக்கும். தகுதியையும் தேவையான ஆவணங்களையும் செவிலியரிடம் கேட்டு, வங்கிக் கணக்கில் உங்கள் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

28 வாரத்திலேயே பை தயாராகட்டும்

• தாய் சேய் அட்டை, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தின் நகல்கள்
• முன்பக்கம் திறக்கும் நைட்டிகள், உள்ளாடைகள், நாப்கின்
• துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணிகள் இரண்டு பங்கு, இரண்டு தொப்பி, இரண்டு ஜோடி காலுறை
• இரண்டு பாலாடை, பால் எடுத்து வைக்க மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணங்கள்
• செல்போன் சார்ஜர், தண்ணீர் பாட்டில்

உடன் இருக்க இரண்டு பேரைச் சொல்லி வையுங்கள். ஒரு குழந்தை உங்களோடும் இன்னொரு குழந்தை சிறப்புப் பிரிவிலும் இருக்க நேர்ந்தால், ஒரே ஆளால் சமாளிக்க முடியாது.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

பனிக்குட நீர் உடைதல், இரத்தப்போக்கு, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, கடும் தலைவலி, கண் மங்கல், திடீரென்று முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, குழந்தைகளின் அசைவு குறைதல், உள்ளங்கையிலும் பாதத்திலும் தாங்க முடியாத அரிப்பு. இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். "விடியட்டும் பார்க்கலாம்" என்ற பேச்சே வேண்டாம்.

ரெண்டு பேருக்கும் பால் பத்துமா?

பெரும்பாலான தாய்மார்களுக்குப் பத்தும். குழந்தை சப்பச் சப்பத்தான் மூளையிலிருந்து பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் வருகிறது. மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ, அதற்கேற்ப அடுத்த பால் ஊறும். இரண்டு பேர் குடித்தால் இரண்டு பேருக்கான பால் சுரக்கும். இடையில் புட்டிப்பால் கொடுத்து குழந்தையைத் தூங்க வைத்தால், அந்த வேளைக்கான பால் உடலுக்குத் தேவையில்லை என்று ஆகிவிடும். "பால் குறைகிறது" என்ற கவலை பல வீடுகளில் இப்படித்தான் உண்மையாகிப் போகிறது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். சிசேரியன் ஆனாலும் செவிலியர் உதவியுடன் கொடுக்கலாம். சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும். பிறந்த குழந்தையின் வயிறும் சின்னதுதான், அதற்கு அது போதும். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். 24 மணி நேரத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டும். இரவில் கொடுப்பதும் இதில் சேரும்.

பால் போதுமா என்பதற்கு அழுகை சரியான அளவுகோலாகாது. பிறந்து ஐந்து நாள் ஆன பிறகு ஒரு குழந்தை நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா என்று பாருங்கள். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிப்பிடிக்க வேண்டும். இரண்டு குழந்தைகளுக்கும் தனித்தனிக் குறிப்பு எழுதி வையுங்கள். தூக்கக் கலக்கத்தில் யார் எப்போது குடித்தார்கள் என்பது நினைவில் நிற்காது.

சேர்த்தா, மாற்றி மாற்றியா?

முதல் சில நாட்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொடுங்கள். காம்பை மட்டும் கவ்வாமல், சுற்றியுள்ள கருநிறப் பகுதியையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வ இருவரும் பழகட்டும். அதன்பின் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். மடியில் தலையணைகளை உயரமாக வைத்து, இரண்டு குழந்தைகளின் கால்களும் உங்கள் அக்குள் வழியாகப் பின்பக்கம் நீட்டியிருக்கும்படி பிடித்துக்கொண்டால், சிசேரியன் தையல்மேல் பாரம் விழாது. ஆரம்பத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து குழந்தைகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரே குழந்தைக்கு ஒரே பக்கம் என்று ஒதுக்கிவிடாமல் பக்கத்தை மாற்றிக் கொடுங்கள். இருவரில் ஒருவர் வலுவாகச் சப்புவார், ஒருவர் மெதுவாகச் சப்புவார். இரண்டு பக்கமும் சமமாகச் சுரக்க இது உதவும்.

குழந்தைகள் இன்குபேட்டரில் இருந்தால்

34 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகள் பலருக்குச் சப்பி விழுங்கும் திறன் முழுமையாக வந்திருக்காது. அதற்காகத் தாய்ப்பால் இல்லை என்று ஆகிவிடாது. பிறந்த சில மணி நேரத்திலேயே கையால் பால் பீச்சி எடுக்கத் தொடங்குங்கள். இரவு உட்பட நாளைக்கு எட்டு முறையாவது எடுத்தால்தான் சுரப்பு நிற்காது. அந்தப் பாலைக் குழாய் மூலமோ பாலாடையிலோ செவிலியர் கொடுப்பார். எடுத்த பாலை அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியில் 24 மணி நேரம் வைக்கலாம்.

உங்கள் பால் வரத் தாமதமானால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். 2014 முதல் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இவை இயங்கி வருகின்றன. டாக்டர் சொல்லாமல் பால் பவுடர் வாங்க வேண்டாம். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அதை விளம்பரம் செய்வதும் இலவச மாதிரி கொடுப்பதும் குற்றம்.

எடை குறைந்த குழந்தையைத் துணி இல்லாமல் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை, சூட்டைக் காத்து எடையைக் கூட்டும், பால் சுரப்பையும் தூண்டும். அப்பாவும் பாட்டியும் இதைச் செய்யலாம். இரண்டு குழந்தை, இரண்டு நெஞ்சு!

வீட்டுக்கு வந்த பிறகு

பால் கொடுப்பது தாயின் வேலை. ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, துவைப்பது, சமைப்பது எல்லாம் மற்றவர்களின் வேலை. பத்தியம் என்ற பெயரில் தாயின் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைக்காதீர்கள். இரண்டு பேருக்குப் பால் கொடுப்பவருக்குப் பருப்பு, கீரை, முட்டை, மீன், பால் என்று கூடுதலாகவே வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைப் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் தொடர வேண்டும்.

காரணமில்லாத அழுகை, குழந்தைகளைப் பார்க்கவே பிடிக்காத மனநிலை இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் அது சோம்பேறித்தனமோ திமிரோ கிடையாது, சிகிச்சை தேவைப்படும் நிலை. 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும்.

பிறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். இரண்டு குழந்தைகளுக்கும் தனித்தனிச் சான்றிதழ். பிறந்த நேரம் இரண்டிலும் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். தடுப்பூசி அட்டையும் ஆளுக்கு ஒன்று. ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்கும் போட்டதாக நினைத்துவிடாமலிருக்க, அட்டைகளை வெவ்வேறு நிற உறைகளில் வையுங்கள்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவுடன் இரண்டு வயதுவரை தாய்ப்பால். உங்களால் முழுமையாகக் கொடுக்க முடியாமல் போனாலும் மனம் தளர வேண்டாம். கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் குழந்தைகளுக்கு லாபம்தான். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது இந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். மேலே உள்ள நான்கு கேள்விகளையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.