நாலு சீட்டு, ஒரு என்ஜின், எதிரே மலை

தண்டையார்பேட்டைக்கும் ஆகாயத்துக்கும் இருப்பது எண்ணெய் உறவு. டி.எச். ரோட்டில் இரவு பகல் பாராமல் டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மதில்களுக்குப் பின்னால் பெரிய பெரிய டேங்குகள். துறைமுகத்துக்கும் எண்ணெய்க் கிடங்குகளுக்கும் நடுவே, வீடுகளின் அடியில் குழாய்கள் ஓடுகின்றன. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் மதராஸை நோக்கிச் சுட்டபோது பற்றி எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் டேங்குகள். 2013-ல் இந்தப் பேட்டையின் சில தெருக்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. குடிக்க, குளிக்க, துவைக்க எதற்கும் அந்தத் தண்ணீர் உதவவில்லை. எரிபொருளின் பாரத்தை நூறு வருஷத்துக்கு மேலாகத் தாங்கும் ஊர் இது. அந்த எரிபொருளை ஊற்றிக்கொண்டு ஒருவர் எங்கெல்லாம் பறக்கலாம் என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்லை.

நான் சொல்ல வருவது ஏர்பஸ் பற்றியோ போயிங் பற்றியோ அல்ல. இரண்டு சீட்டோ நாலு சீட்டோ உள்ள குட்டி விமானத்தில், சிநேகிதர்கள் சேர்ந்து மலை தாண்டிப் போகும் பயணம் பற்றி. ஆல்ப்ஸ் பக்கத்திலும் ராக்கி மலைப் பக்கத்திலும் வாரக் கடைசியில் அப்படிக் கிளம்பிப் போகிறவர்கள் ஏராளம். நம் ஊரில் அது கோடீஸ்வரர் விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் டாட்டாவின் விமானத் தபால் சரித்திரமே அப்படி ஒரு பயணத்தில்தான் தொடங்கியது. அதன் கடைசி நிறுத்தம் மதராஸ்.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து தபால் பையோடு ஜே.ஆர்.டி. டாட்டா தன்னந்தனியாகக் கிளம்பினார். விமானம் பஸ் மாத். ஒற்றை என்ஜின், மரச்சட்டமும் இரும்புக் குழாயும் துணியும் சேர்த்துக் கட்டியது. அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில், பர்மா ஷெல் டின்களில். அங்கிருந்து பம்பாய் ஜுஹு. அங்கே இன்னொரு பஸ் மாத்தோடு நண்பர் நெவில் வின்சென்ட் காத்திருந்தார். பிரிட்டிஷ் விமானப் படையில் இருந்தவர். விமானத் தபால் யோசனையை டாட்டாவிடம் முதலில் கொண்டுபோனவரும் அவர்தான். பையை வாங்கிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் மதராஸ் வந்து சேர்ந்தார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் பம்பாயோடு நிறுத்திவிடுகிறார்கள். மலை வருவது அதற்குப் பிறகுதானே! கடலோரமாகவே வந்தால் கீழே கரை தெரியும், வழி தப்பாது. மலையைத் தாண்டும்போது அந்தத் துணை இல்லை. ரேடியோ இல்லை, வழிகாட்டும் கருவி இல்லை. இருந்தவை வரைபடம், காம்பஸ், கீழே தெரியும் ரயில் பாதை, ஆறு. வின்சென்ட் 1942-ல் போர்க்காலத்தில் விமானத்தோடு காணாமல் போனார். மதராஸுக்கு முதல் தபால் விமானத்தை ஓட்டி வந்த அவர் பெயரை இந்த நகரத்தில் எத்தனை பேர் அறிவார்கள்?

மலை தாண்டுவது ஏன் கஷ்டம்? உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. சாதாரண பிஸ்டன் என்ஜின் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய மூன்று சதவீத பலத்தை இழக்கிறது. பத்தாயிரம் அடியில் அதன் தெம்பு முக்கால் பங்குக்கும் குறைவு. இறக்கைக்குப் பிடிமானமும் குறைகிறது. மனிதருக்கும் அதே கதி. பத்தாயிரம் அடிக்கு மேல் நேரம் கூடக்கூட மூளை மந்தமாகும். மந்தமாகிவிட்டோம் என்பதே தெரியாது என்பதுதான் அதில் ஆபத்து.

அதைவிடக் கொடியது காற்று. மலையின் ஒரு பக்கம் மோதி ஏறும் காற்று, மறுபக்கம் அருவி மாதிரி கொட்டுகிறது. அந்தச் சரிவில் மாட்டிய சிறு விமானம், என்ஜினை முழுசாகத் திறந்துவிட்டாலும் கீழேதான் போகும். அதனால் முகட்டை நேருக்கு நேர் அணுகக் கூடாது. சாய்வாக, 45 டிகிரியில் போக வேண்டும். காற்று அழுத்தினால் சட்டென்று திரும்பி, தாழ்ந்த நிலம் இருக்கும் பக்கம் வந்துவிடலாம். வெயில் ஏறுவதற்குள், காலையிலேயே தாண்டிவிடுவது நல்லது. போகும் வழியைவிடத் திரும்பும் வழியை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். மலைப் பறத்தலின் பாலபாடம் இவ்வளவுதான். இதைக் கேட்காதவர்களின் சிதைந்த விமானங்கள் உலகத்தின் எல்லா மலைகளிலும் கிடக்கின்றன.

1933-ல் எவரெஸ்டுக்கு மேல் முதன்முதலாகப் பறந்த குழுவும் இந்தப் பாடத்தை அனுபவித்தது. அந்தக் குழுவில் சிலர் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்ததே மூன்று சிறு மாத் விமானங்களில், ஊர் ஊராக இறங்கி இறங்கித்தான். ஏப்ரல் 3 அன்று பீகாரின் பூர்ணியா பக்கமிருந்து இரண்டு பெரிய வெஸ்ட்லேண்ட் விமானங்கள் கிளம்பின. சிகரத்தை நெருங்கும் நேரத்தில் கீழிறங்கும் காற்று பிடித்து அமுக்கியதில் ஆயிரம் அடிக்கு மேல் இழந்தார்கள். ஒரு விமானத்தின் பின் சீட்டில் படம் பிடித்துக்கொண்டிருந்த பானெட்டின் ஆக்சிஜன் குழாய் கிழிந்தது. கைக்குட்டையால் கட்டிவிட்டு மயங்கி விழுந்தார். முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த மெக்கின்டயரால் கையை விட முடியாது. விமானத்தைக் கீழே கொண்டுபோவது ஒன்றே அவரால் செய்ய முடிந்த உதவி. இறங்க இறங்க பானெட்டுக்கு நினைவு திரும்பியது.

நம் மலைகள் அவ்வளவு உயரமில்லை. தொட்டபெட்டா 2637 மீட்டர், ஆனைமுடி 2695 மீட்டர். அடிக் கணக்கில் ஒன்பதாயிரத்துக்கும் கீழே. நாலு சீட்டு செஸ்னா 172 இன்றைய மாடலில் 14,000 அடி வரை ஏறும். சென்னையிலிருந்து கோவைக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம். அங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டால், மலையே வழி விட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாய். வலது பக்கம் நீலகிரி, இடது பக்கம் ஆனைமலை, நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்தில் சமவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகத்தான் பாய்ந்து வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அதை எதிர்த்துச் சிறு விமானத்தில் உல்லாசப் பயணம் வேண்டாம். ஜனவரியின் தெளிந்த காலை ஒன்றில் போனால், பொள்ளாச்சித் தென்னந்தோப்புகள் முடிந்து கேரளத்தின் பசுமை தொடங்குவதை ஒரே பார்வையில் காணலாம்.

நாலு சீட்டு இருந்தால் நாலு பேர் போகலாம் என்று நினைக்கக் கூடாது. செஸ்னா 172 சுமக்கக்கூடியது எரிபொருளும் ஆட்களும் சேர்த்து ஏறக்குறைய 400 கிலோ. டேங்கை நிரப்பினால் அதில் 145 கிலோ போய்விடும். மிச்சம் 255. வாட்டசாட்டமான மூன்று பேர் ஏறினால் கணக்கு முடிந்தது. பைக்குக் கொஞ்சம் இடம் இருக்கும், நாலாவது ஆளுக்கு இருக்காது. எண்ணெயைக் குறைத்தால் வழியில் ஓர் ஊர் கூடுதலாக இறங்க வேண்டும். கிளம்புவதற்கு முன் நண்பர்கள் ஒவ்வொருவராகத் தராசில் ஏறி, உள்ள எடையை உள்ளபடி சொல்லியே தீர வேண்டும். யார் ஏறுவது, யார் தரையில் நிற்பது என்பதைத் தராசு தீர்மானிக்கிறது.

அப்படித் தரையில் நின்ற ஒரு தோழியைச் சொல்ல வேண்டும். 2018 ஜூலை 30 அன்று ஆரோஹி பண்டிட், கீத்தேர் மிஸ்கிட்டா என்ற இரு இளம் பைலட்டுகள் பட்டியாலாவிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பினார்கள். விமானத்துக்கு அவர்கள் வைத்த பெயர் மாஹி. ஸ்லோவேனியாவில் செய்த சைனஸ் 912, ஆட்களோடு எரிபொருளோடு அரை டன்கூட வராது. பாகிஸ்தான், ஈரான், துருக்கி தாண்டி ஐரோப்பா வரை சேர்ந்தே போனார்கள். அட்லாண்டிக் வந்தது. உயிர்காக்கும் படகும் ஆக்சிஜனும் ஏற்றியாக வேண்டும். இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. கீத்தேர் தரையில் இருந்து துணை செய்ய, ஆரோஹி தனியாக ஐஸ்லாந்து போய், கிரீன்லாந்தின் பனிமேட்டைக் கடந்து, 2019 மே மாதம் கனடாவில் இறங்கினார். இலகு ரக விமானத்தில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பெண் அவர். என்னைக் கேட்டால் அதில் பாதிப் பெருமை இறங்கி வழிவிட்டவருக்கு.

மதராஸுக்கே சொந்தமான ஜோடியும் உண்டு. மைசூர் மகாராஜாவின் விமானத்தை ஓட்டிய கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும். பெங்களூர் ஜக்கூர் அரசுப் பறக்கும் பயிற்சிப் பள்ளியில் 1949-ல் தேறியவர் உஷா. மதராஸ் அரசு இரட்டை என்ஜின் டவ் விமானம் ஒன்றை வாங்கியது. அதைக் கொண்டுவர 1950-களின் தொடக்கத்தில் இருவரும் கப்பலில் இங்கிலாந்து போய், பாரிஸ், கெய்ரோ, பாக்தாத், கராச்சி வழியாகப் பம்பாய் வரை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். இந்தத் தம்பதிதான் பிறகு, 1959-ல், சென்னையில் ப்ளூ கிராஸ் தொடங்கினார்கள். நாய், மாடுகளுக்காக அவர்கள் செய்ததை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. பறந்ததையும் வைத்திருக்கலாம்.

மறுபடி எண்ணெய்க்கு வருகிறேன். பெரிய விமானங்களுக்கு மண்ணெண்ணெய் ரகம். செஸ்னாவுக்கு அவ்கேஸ் என்ற தனி பெட்ரோல். அதை இந்தியா இறக்குமதி செய்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில்தான் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கியது. மாஹியின் ரோடாக்ஸ் என்ஜினோ பைக்குக்குப் போடும் சாதாரண பெட்ரோலிலேயே ஓடும். எத்தனால் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் பெட்ரோல் பங்குகளில் இப்போது இருபது என்பதால் பார்த்து வாங்க வேண்டும். டி.எச். ரோட்டில் நிற்கும் லாரியில் இருப்பதற்கும் கிரீன்லாந்தைத் தாண்டிய டேங்கில் இருந்ததற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். வலை பின்னும் வீட்டிலும் லோடு ஏற்றும் வீட்டிலும் அந்தப் பணம் இல்லை. ஆனால் என்.சி.சி.யின் விமானப் பிரிவு இருக்கிறது. அதில் சேரும் மாணவர்கள் பறக்கப் பழகும் வைரஸ் மைக்ரோலைட், மாஹியைச் செய்த அதே பிபிஸ்ட்ரல் கம்பெனியின் தயாரிப்பு. வீட்டுக் காசைக் கேட்காத வழி அது. பதின்மூன்று வயதிலேயே ஜூனியர் பிரிவில் சேர்ந்துவிடலாம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை அரசுப் பள்ளிகள், மாநகராட்சிப் பள்ளிகள், கல்லூரிகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றின் தலைமையாசிரியர்களும் முதல்வர்களும் விமானப் பிரிவு வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பெற்றோர் கேட்க வைக்க வேண்டும். வரும் கல்வியாண்டுக்கான விண்ணப்பத்தை இந்தக் கோடை விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிடலாம்.