டயருக்கும் பிறந்த தேதி உண்டு

உங்களுக்குத் தெரியுமா? கார் டயரின் பக்கவாட்டில் ‘டி.ஓ.டி.’ என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2321 என்றிருந்தால், அது 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரான டயர். சில டயர்களில் இது உட்பக்கம் மட்டுமே இருக்கும். புது டயர் வாங்கும்போது மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் நாளாக ஆக இறுகி வெடிப்பு விடும். டிக்கியில் மறந்துபோன ஸ்டெப்னிக்கும் இதே கதைதான்.

டயரில் தரையைத் தொடும் பட்டன்களுக்கு நடுவே ஓடும் பள்ளங்களை உற்றுப் பாருங்கள். குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றியே ஆகவேண்டும். மழைநீரை வெளியேற்றுபவை அந்தப் பள்ளங்கள்தான். அவற்றில் ஆழம் குறைந்தால், வேகமாகப் போகும்போது டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும்; அப்போது பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. மழைக்காலத்துக்கு முன்பே பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

காற்று விஷயத்தில் பலர் ஏமாறுவது ஓரிடத்தில். டயரில் அச்சிட்ட பி.எஸ்.ஐ. எண் அது தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கான அளவு, பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். அது குளிர்ந்த டயருக்கான கணக்கு. ஓடிச் சூடான டயர் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.