டர்போ காருக்கு பிரீமியம் பெட்ரோல் அவசியமா? ஆக்டேன் எண் சொல்றதும் சொல்லாததும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குத் தலைப்பை நான் எடுக்கல, நம்ம இன்பாக்ஸ் எடுத்துக் கொடுத்தது. கோயம்புத்தூர்லேருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: “ப்ரோ, செகண்ட் ஹேண்ட்ல ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினேன். முதல் ஓனர் ஸ்டேஜ் 1 ரீமேப் பண்ணி வச்சிருக்கார். பிரீமியம் பெட்ரோல்தான் போடணும்னு சொல்லிட்டுப் போயிட்டார். மாசாமாசம் கட்டுப்படி ஆகல. சாதா பெட்ரோல் போட்டா என்ன ஆகும்?”

இவருக்கு ஒரு பதில் இருக்கு. இதே காரை ரீமேப் பண்ணாம வச்சிருக்கிறவருக்கு வேற பதில். அப்பா வச்சிருக்கிற 1.2 லிட்டர் ஹேட்ச்பேக்குக்கு இன்னொரு பதில். மூணும் ஏன் வேற வேறன்னு புரியணும்னா, முதல்ல ஆக்டேன்னா என்னன்னு பார்க்கணும்.

ஆக்டேன் எண் எதை அளக்குது?

நிறைய பேர் நினைக்கிறது, ஆக்டேன் அதிகம்னா பெட்ரோல்ல சக்தி அதிகம்னு. அப்படிக் கிடையாது. ஆக்டேன் எண் அளக்கறது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: அழுத்தமும் சூடும் ஏறும்போது, ஸ்பார்க் இல்லாமலே தானா பத்திக்காம அந்தப் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பது.

அளவுகோல் ரொம்ப எளிமை. ஐசோ ஆக்டேன்னு ஒரு ஹைட்ரோகார்பன், அதுக்கு 100. ஹெப்டேன்னு இன்னொண்ணு, அது சட்டுனு பத்திக்கும், அதுக்கு 0. ஒரு பெட்ரோல் 91ன்னு சொன்னா, 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படி நடந்துக்குமோ அப்படி நடந்துக்குதுன்னு அர்த்தம். இதை அளக்கறதுக்குன்னே ஒத்தை சிலிண்டர் டெஸ்ட் என்ஜின் ஒண்ணு இருக்கு. ஓடும்போதே அதோட கம்ப்ரஷனை மாத்தலாம். அதை 600 ஆர்பிஎம்ல ஓட்டி எடுக்கிற எண்தான் நம்ம ஊர்ல பேசுற ரிசர்ச் ஆக்டேன் நம்பர், சுருக்கமா ரான்.

இங்க ஒரு எச்சரிக்கை. அமெரிக்க யூடியூப் வீடியோல “87 போட்டேன், 93 போட்டேன்”னு சொல்வாங்க. அது வேற அளவுகோல், ரெண்டு விதமான டெஸ்டோட சராசரி. அவங்க 87 கிட்டத்தட்ட நம்ம 91. அவங்க 93 கிட்டத்தட்ட நம்ம 98. அந்த எண்ணை அப்படியே எடுத்து நம்ம பங்க் போர்டோட ஒப்பிடாதீங்க.

என்ஜினுக்குள்ள என்ன நடக்குது?

சாதாரணமா நடக்க வேண்டியது இது: பிஸ்டன் மேல வந்து காத்து பெட்ரோல் கலவையை அழுத்தும். ஸ்பார்க் பிளக் பொறி விடும். அங்கேருந்து தீ ஒரு அலை மாதிரி சீரா பரவி மொத்தத்தையும் எரிக்கும். பிஸ்டனைக் கீழ தள்ளும்.

நாக்கிங்னா, அந்தத் தீ மூலைக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே, மூலையில இருக்கிற மிச்சக் கலவை அழுத்தம் தாங்காம தானா வெடிச்சுடும். அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவர்ல மோதி, சுத்தியலால தட்டற மாதிரி டிக் டிக்னு ஒரு சத்தம் வரும். ஏத்தத்துல டாப் கியர்லயே இழுத்தா பழைய கார்கள்ல கேட்கும், அதே சத்தம்தான்.

டர்போ என்ஜின்ல இந்தப் பிரச்சனை ஏன் அதிகம்? டர்போ வேலையே காத்தை அழுத்தி உள்ள திணிக்கறது. ஏற்கனவே அழுத்தமும் சூடும் ஏறின காத்தை பிஸ்டன் இன்னும் அழுத்துது. அதனால டர்போ என்ஜின்ல பெரும்பாலும் பவருக்கு எல்லை போடறதே நாக்கிங்தான். ஆக்டேன் கூடினா அந்த எல்லை கொஞ்சம் தள்ளிப் போகும். அவ்வளவுதான் ஆக்டேன் செய்யற உபகாரம். தள்ளிப் போன எல்லையை என்ஜின் பயன்படுத்திக்கணும். பயன்படுத்தத் தெரியாத என்ஜினுக்கு 100 ஆக்டேன் போட்டாலும் 91 போட்டாலும் ஒண்ணுதான்.

ஈசியு பார்க்கற வேலை, நம்ம டிசிபி பார்க்கற வேலை

இந்த இடத்துல என் சாஃப்ட்வேர் மூளை கொஞ்சம் குதிக்கும், பொறுத்துக்கோங்க. என்ஜின் பிளாக்ல நாக் சென்சார்னு ஒண்ணு போல்ட் போட்டு வச்சிருப்பாங்க. ஒரு மைக் மாதிரிதான், அந்த டிக் டிக் அதிர்வை மட்டும் கேட்டுட்டே இருக்கும். கேட்டவுடனே ஈசியு ஸ்பார்க் நேரத்தைச் சட்டுனு சில டிகிரி தள்ளிப் போடும். அப்புறம் மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா பழைய இடத்துக்குக் கொண்டு வரும். மறுபடி சத்தம் கேட்டா மறுபடி பின்வாங்கும்.

நெட்வொர்க்கிங் படிச்சவங்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். டிசிபி-யோட நெரிசல் கட்டுப்பாடு இப்படித்தான் வேலை செய்யுது. பாக்கெட் தொலைஞ்சா வேகத்தைப் படக்குனு குறை, பிரச்சனை இல்லைன்னா மெதுவா ஏத்து. லைன் எவ்வளவு தாங்கும்னு முன்கூட்டியே தெரியாது, தடவித் தடவித்தான் கண்டுபிடிக்கணும். பெட்ரோல் எவ்வளவு தாங்கும்னு ஈசியு-வும் அப்படித்தான் கண்டுபிடிக்குது.

ஸ்பார்க் தள்ளிப் போனா பவர் குறையும், மைலேஜும் குறையும். ஆனா என்ஜின் பிழைச்சுக்கும். கம்பெனி மேப்ல இருக்கிற கார்ல குறைஞ்ச ஆக்டேன் போட்டா உடனே என்ஜின் உடையாம இருக்கறதுக்குக் காரணம் இந்தச் சின்ன மைக்தான்.

எவ்வளவு வித்தியாசம் வரும்?

கம்பெனியே எழுதிக் கொடுத்த ஒரு கணக்கு இருக்கு. மாஸ்டா நம்ம ஊர்ல விக்கறதில்ல, ஆனா உதாரணம் சுத்தமானது. அமெரிக்காவுல 2016 மாடலா வந்த சிஎக்ஸ்-9ல ஒரு 2.5 லிட்டர் டர்போ. 87 போட்டா 227 குதிரைத்திறன், 93 போட்டா 250ன்னு மாஸ்டாவே அறிவிச்சது. கிட்டத்தட்ட 10 சதவீதம். ஆனா 2000 ஆர்பிஎம்ல கிடைக்கிற டார்க் ரெண்டுக்கும் ஒண்ணேதான். அதாவது டிராஃபிக்ல ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது, முழுசா மிதிச்சு மேல் ஆர்பிஎம் போகும்போதுதான் தெரியும்.

இன்னொண்ணு, அங்க இருக்கிற ஏஏஏ என்கிற வாகன ஓட்டிகள் சங்கம் 2017ல பண்ணின சோதனை. பிரீமியம் கட்டாயம் இல்ல, சிபாரிசு மட்டும்னு கம்பெனி சொல்ற கார்களை எடுத்தாங்க. சராசரியா பவர் 1.4 சதவீதம், மைலேஜ் 2.7 சதவீதம் கூடிச்சு. பவர் அதிகமா கூடினது மஸ்டாங்ல, 3.2 சதவீதம். மைலேஜ் அதிகமா கூடினது காடிலாக் எஸ்கலேட்ல, 7.1 சதவீதம்.

இப்ப நம்ம காசுக்கு வருவோம். சாதா லிட்டர் 100 ரூபாய், பிரீமியம் 108ன்னு வட்டமா வச்சுக்கலாம். மாசம் 1000 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர். அப்ப சுமார் 83 லிட்டர், கூடுதல் செலவு மாசம் 660 ரூபாய் சொச்சம். வருஷத்துக்கு 8000 ரூபாய். இந்தக் காசு மைலேஜ்லயே திரும்பி வரணும்னா மைலேஜ் 8 சதவீதம் கூடணும், 12 இருந்தது 13ஐ நெருங்கணும். மேல சொன்ன சோதனையில முதல் இடம் பிடிச்ச வண்டியே 7.1தான். அதனால “மைலேஜ்ல மிச்சம் ஆயிடும்”னு யாராவது சொன்னா இந்தக் கணக்கைக் காட்டுங்க. பிரீமியத்துக்குக் கொடுக்கிற காசு பவருக்கும் பாதுகாப்புக்கும்தான். அது உங்களுக்குத் தேவையான்னு மட்டும் யோசிங்க.

100 ஆக்டேன் பெட்ரோல் இன்னும் ஒரு படி மேல. இந்தியன் ஆயில் எக்ஸ்பி100 2020 டிசம்பர்ல வந்தப்போ டெல்லியில லிட்டர் 160 ரூபாய். அதுக்கேத்த மேப் இல்லாத வண்டிக்கு அது மொய் எழுதற மாதிரி.

நம்ம ஊர்ல ஒரு திருப்பம்: ஈ20

நிறைய பேர் கவனிக்காத விஷயம் இது. சாதா பெட்ரோல்னா 91னு இன்னும் நினைச்சுட்டிருக்கோம். இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலோட ஆக்டேன் எண் சுமார் 108. 2025 ஆகஸ்ட்ல பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்துல, பிஎஸ்-6க்கு 91 ஆக இருந்தது ஈ20 வந்த பிறகு 95 ஆகியிருக்குன்னு சொல்லியிருக்காங்க.

அப்படின்னா 95ன்னு பேர் போட்ட பிரீமியத்துக்கும் சாதாவுக்கும் ஆக்டேன் இடைவெளி முன்ன மாதிரி இல்ல. மிச்சம் இருக்கிற வித்தியாசம் பெரும்பாலும் இன்ஜெக்டரைச் சுத்தமா வச்சுக்கிற சேர்மானங்கள். அது நல்ல விஷயம்தான், ஆனா அதுக்கும் பவருக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. பேர்ல ஸ்பீடு, பவர்னு இருக்கும். பங்க்ல கேட்க வேண்டியது பேரை இல்ல, ரான் எண்ணை.

எத்தனாலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. லிட்டருக்கு அதுல இருக்கிற சக்தி பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்குதான். ஈ10லேருந்து ஈ20 போகும்போது லிட்டருக்கு 3 முதல் 4 சதவீதம் சக்தி குறையும். ஆக்டேன் கூடுது, சக்தி குறையுது. ரெண்டும் வேற வேற விஷயம்னு புரிய இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சரி, நேயருக்கு என்ன பதில்?

ப்ரோ, உங்க வண்டி இந்த எபிசோட்ல ஸ்பெஷல் கேஸ். ரீமேப் பண்ணினவர் டர்போ அழுத்தத்தை ஏத்தியிருப்பார், ஸ்பார்க்கை முன்னாடி கொண்டு வந்திருப்பார். கம்பெனி விட்டு வச்சிருந்த இடைவெளியை எடுத்துத்தான் அந்தக் கூடுதல் பவர் வந்திருக்கு. நாக் சென்சார் இன்னும் இருக்கும், ஆனா அது பின்வாங்கறதுக்கும் ஒரு அளவு உண்டு. 97 ரானுக்கு எழுதின மேப்ல அதைவிடக் கம்மியா போட்டு, மே மாச வெயில்ல ஏசி முழுசா வச்சு, கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவுல நாலு பேரோட ஏறினா, அந்த அளவு தீர்ந்து போகலாம். அப்புறம் உடையறது பிஸ்டன்ல ரிங் உட்காருற விளிம்பு. அது போனா என்ஜினை இறக்கணும். மாசம் 660 ரூபாய் மிச்சம் பண்ணப் போய் அந்த பில்லைக் கட்ட வேண்டி வரும்.

அதனால இந்த வரிசையில பண்ணுங்க. முதல்ல பழைய ஓனர்கிட்டயோ ட்யூனர்கிட்டயோ மேப் எந்த ரானுக்கு எழுதினதுன்னு கேளுங்க. ஈ20 வர்றதுக்கு முன்னாடி எழுதினதான்னும் கேளுங்க. எத்தனாலுக்கு ஒரே காத்துக்கு அதிக எரிபொருள் தேவை. ஏற்கனவே இழுத்துப் பிடிச்சு ஓடற மேப்ல அது முக்கியம். பதில் கிடைக்கற வரைக்கும் முதல் ஓனர் சொன்ன பெட்ரோலையே போடுங்க, முழுசா மிதிக்காதீங்க. பிரீமியம் செலவு ஒத்து வரலைன்னா, கம்பெனி மேப்புக்கே திருப்பி ஃப்ளாஷ் பண்ணச் சொல்லுங்க. அதுக்கு ஒரு தடவைதான் செலவு. அப்புறம் சாதா பெட்ரோல்ல நிம்மதியா ஓட்டலாம்.

மத்தவங்களுக்கு: பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்க, உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும். இல்லைன்னா ஓனர் மேனுவல்ல இருக்கும். குறைந்தபட்சம்னு ஒரு எண் போட்டிருந்தா அதுக்குக் கீழ போகாதீங்க. சிபாரிசுன்னு இருந்தா அது உங்க இஷ்டம். ரீமேப் இல்லாத டர்போ காருக்கு தினசரி ஆபீஸ் ஓட்டத்துக்கு மூடியில சொன்னது போதும். மலை ஏற்றம், டிராக் டே, கொளுத்தற வெயில்ல ஹைவேன்னு இருந்தா அந்த ஒரு டேங்க் மட்டும் உயர்ந்த ஆக்டேன் போடலாம். டர்போ இல்லாத சாதாரண ஹேட்ச்பேக்குக்கு சாதா பெட்ரோல், வேற யோசனையே வேண்டாம். பிரீமியம் போட்டா கெடுதல் இல்ல, பிரயோஜனமும் இல்ல.

வழியில பங்க்ல பிரீமியம் இல்லைன்னா பதற வேண்டாம். கிடைச்சதை அரை டேங்க் போடுங்க. கலந்தா ஏறத்தாழ சராசரி ஆக்டேன் கிடைக்கும். அது தீர்ற வரைக்கும் மெதுவா போங்க. முக்கியமா டாப் கியர்ல, குறைஞ்ச ஆர்பிஎம்ல, முழுசா மிதிக்காதீங்க. டர்போ என்ஜினுக்கு அதுதான் ரொம்ப ஆபத்தான இடம், ஒரு கியர் குறைச்சுடுங்க.

நான் சொல்றதை நம்பவே வேண்டாம், நீங்களே அளந்து பாருங்க. ஓபிடி ப்ளூடூத் அடாப்டர் ஒண்ணு வாங்கி, ஸ்பார்க் டைமிங், உள்ள போற காத்தோட சூடு, என்ஜின் லோட் இந்த மூணையும் போன்ல லாக் பண்ணுங்க. ஒரே ரோடு, ஒரே நேரம், ஒரே கியர். ஒவ்வொரு பெட்ரோலுக்கும் குறைஞ்சது ரெண்டு மூணு டேங்க் ஓட்டுங்க. பழசு தீரவும் ஈசியு பழகவும் நேரம் வேணும். ஒரே லோட்ல, அதே சூட்டுல, உயர்ந்த ஆக்டேனுக்கு ஸ்பார்க் முன்னாடி போகுதுன்னா உங்க வண்டி அதைப் பயன்படுத்திக்குது. ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா வருஷம் 8000 ரூபாய் உங்க பாக்கெட்லயே இருக்கட்டும்.

லாக் எடுத்தவங்க ஃபைலை அனுப்புங்க, கிராஃப் போட்டு இன்னொரு எபிசோட்ல பேசுவோம். கோயம்புத்தூர் ப்ரோ, மேப் எந்த ரானுன்னு தெரிஞ்சதும் ஒரு மெசேஜ் போடுங்க. வரட்டா!