சுண்டெலி சொன்ன சேதி: தாய்ப்பால் மீது பழி வேண்டாம்

மாதுங்காவில் ரயில் ஏறி, தாதரைத் தாண்டினால் பரேல். தாராவி, செம்பூர் தமிழர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் 1941-ல் தொடங்கப்பட்ட டாட்டா ஆஸ்பத்திரிதான் ஞாபகத்துக்கு வரும். அதே பரேலில், புற்றுநோயை அறியச் சுண்டெலி வளர்த்த விஞ்ஞானிகளும் உண்டு.

1952-ல் அங்கே இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் அமைந்தது. டாக்டர் கானோல்கர் அதன் தலைவர். அவருடைய மாணவி டாக்டர் கமல் ரணதிவே, சுண்டெலிகளின் மார்பகப் புற்றுநோயை ஆராய்ந்தார்.

பால் மாறியது, நோய் குறைந்தது

இந்த ஆராய்ச்சிக்கு வழி காட்டியவர் அமெரிக்காவின் பிட்னர். புற்றுநோய் மிகுந்த வம்சத்தின் குட்டிகளைப் பிறந்தவுடன் பிரித்து, நோய் குறைந்த வம்சத்துத் தாயிடம் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளுக்கு நோய் வெகுவாகக் குறைந்தது! 1936-ல் அவர் இதை வெளியிட்டார். பாலில் வந்தது ஒரு வைரஸ் என்பது பிறகு தெரிந்தது.

குட்டியின் குடலில் நுழையும் வைரஸ், ரத்த அணுக்கள் மூலம் பால் சுரப்பியை அடைகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது காணப்படுவதுண்டு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் பெருகும்போது வைரஸும் பெருகுகிறது. ஆனால், வைரஸ் மட்டும் போதாது. பரம்பரையும் ஹார்மோனும் சேர வேண்டும். ரணதிவே வலியுறுத்தியதும் இந்தத் தொடர்பைத்தான். 1982-ல் அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

கிளம்பியது அச்சம்

1971-ல் வெளிவந்த ஓர் ஆய்வு பரபரப்பூட்டியது. பம்பாய்ப் பார்சி தாய்மார் சிலரின் பாலில், சுண்டெலி வைரஸைப் போன்ற துகள்கள் தென்பட்டன என்றது அது. அப்படியானால் தாயிடமிருந்து மகளுக்கும் பால் வழியே நோய் வருமா?

வரும் என்பதற்கு இன்றுவரை நிரூபணம் இல்லை. மாறாக, 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் வெளியிட்ட முடிவு, பால் கொடுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் தாய்க்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 4 சதவீதம் குறைகிறது என்கிறது.

பாட்டிக்கு நோய் வந்தது, அம்மாவுக்கும் வந்தது என்று சொல்லிக் குழந்தையைப் பாலிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை. அத்தகைய குடும்பத்துப் பெண்கள் செய்ய வேண்டியது வேறு. மார்பில் கட்டி தட்டுப்பட்டால், வலியில்லையே என்று இருந்துவிடாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.