பட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு



மலருக்குக் கட்டுரை கேட்டு பேரவைச் செயலாளர் நம் வகுப்புக்கு வந்தபோது நான் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குக் கவிதை வராது. சொல்லிக்கொள்ள ஒரு காதல் தோல்வியும் கிடையாது. தெரிந்தது கார் ஒன்றுதான். அதுவும் படித்துத் தெரிந்ததைவிடப் பட்டுத் தெரிந்ததே அதிகம். "அதையே எழுதுடா" என்றார்கள். எழுதிவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஐந்தாவதோடு நின்றவர். இருபது வருஷத்துக்கு மேல் ஊரார் கார்களுக்கு டிரைவராக இருந்தவர். நான் முதலாம் ஆண்டு சேர்ந்த அதே வருஷம், அம்மாவின் செயினையும் இரண்டு வளையலையும் பாங்கில் அடகு வைத்து, 2016 மாடல் இண்டிகா டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்ட வாங்கினார். புரோக்கர், "ஒரே ஓனர் அண்ணே, ஒரு கீறல்கூட கிடையாது" என்றார். அது பொய்யில்லை. கீறலே இல்லை. பெயிண்ட் பளபளவென்று மின்னியது. ஆறு வருஷம் ஓடின வண்டி புதுப்பெண் மாதிரி மின்னினால் சந்தேகப்பட வேண்டும் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

ஒரு மாதத்தில் அப்பா சொன்னார்: "வண்டி இடது பக்கமா இழுக்குதுடா." நாலுவழிச் சாலையில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினாலே வண்டி ஓரத்தைப் பார்த்துப் போகிறது. முன்பக்க இடது டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்து, நூல் தெரிய ஆரம்பித்தது. அப்பா மூன்று தடவை வீல் அலைன்மென்ட் பார்த்தார். மூன்று தடவையும் பில் வந்ததே தவிர வண்டி நேராக வரவில்லை.

வீல் அலைன்மென்ட் என்றால் என்ன என்று நம் பிரிவு அல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரம் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே விரிந்திருக்கிறதா என்பது டோ. எதிரில் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். பெரும்பாலான சிறு கார்களில் டை ராடைத் திருகி டோவை மாற்றலாம். கேம்பரை மாற்ற அப்படித் திருகு எதுவும் கிடையாது. பாடி நேராக இருந்தால் அது தானாகச் சரியாக இருக்கும். சரியில்லை என்றால் ஸ்ட்ரட்டோ கீழ் ஆர்மோ வளைந்திருக்க வேண்டும், இல்லை அவற்றைத் தாங்குகிற பாடியே வளைந்திருக்க வேண்டும். மூன்றாவது தடவை அலைன்மென்ட் கடைக்காரப் பையன், "கேம்பர் வரமாட்டேங்குது, பரவாயில்லை ஓட்டுங்க" என்றான். அந்த "பரவாயில்லை"யில்தான் விஷயமே இருந்தது. அது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாம் ஆண்டு லீவில் ஒரு டிங்கர் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தேன். ஒரு நாளைக்கு 250 ரூபாய், இரண்டு டீ. மேஸ்திரி எனக்கு முதல் வாரம் வாட்டர் பேப்பர் தேய்க்கும் வேலைதான் கொடுத்தார். நகமெல்லாம் தேய்ந்துபோனது. நாம் வகுப்பில் வரைகிற படங்களில் இருக்கிற எதற்கும் அங்கே அந்தப் பெயர் கிடையாது. ஆனால் அவர் தகட்டின்மேல் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டி, "இங்க பள்ளம்" என்று சாக்பீஸால் வட்டம் போடுவார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பள்ளம் அங்கேதான் இருக்கும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மேஸ்திரி ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி பாடி மேல் வைத்து இழுத்தார். வலது பக்கம் முழுக்க ஒட்டியது. இடது முன் கதவின் கீழ்ப்பாதியில் வழுக்கி விழுந்தது. அங்கே தகட்டின்மேல் கனமாகப் பட்டி ஏறியிருக்கிறது. (நண்பர்களே, பிளாஸ்டிக் பம்பர் மேல் காந்தத்தை வைத்துவிட்டுப் பதறாதீர்கள். நான் முதலில் அதைத்தான் செய்தேன்.)

பட்டி என்றாலே மோசடி என்று நினைத்துவிடக் கூடாது. தகட்டைச் சுத்தியலும் டாலியும் வைத்துத் தட்டி நேராக்கிய பிறகு, மிச்சமிருக்கும் சின்ன மேடுபள்ளத்தை நிரப்ப இரண்டு மூன்று மில்லிமீட்டர் பட்டி போடுவது நியாயமான வேலைதான். தட்ட வேண்டிய பள்ளத்தைத் தட்டாமல் பட்டியாலேயே நிரப்பினால் அது சோம்பேறித்தனம். அதிர்வில் வெடிக்கும், தண்ணீர் இறங்கும், உள்ளே துரு பிடிக்கும்.

பிறகு பானட்டைத் தூக்கினார். முன் மட்கார்டை மாட்டியிருக்கும் போல்ட்டுகளைக் காட்டினார். வலது பக்க போல்ட் தலைகளில் கம்பெனி பெயிண்ட் அப்படியே இருந்தது. இடது பக்கம் ஸ்பேனர் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. அதாவது மட்கார்டு கழற்றப்பட்டிருக்கிறது. அதற்கும் உள்ளே, சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் மேல்முனை உட்காரும் ஏப்ரான் தகட்டைப் பார்க்கச் சொன்னார். வலது பக்கத்தில் கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டுகள் சட்டைப் பொத்தான் மாதிரி வரிசையாக, வட்ட வட்டமாக இருந்தன. இடது பக்கத்தில் ஒன்றைக்கூடக் காணோம். சீலரை வாரி அப்பியிருந்தது. ஸ்குரூடிரைவரால் சுரண்டினால் அடியில் கேஸ் வெல்டிங் புழு மாதிரி நெளிந்து கிடந்தது.

"டேப் எடுடா" என்றார். மேல்முனை போல்ட்டிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தோம். முதலாம் ஆண்டு கணக்கில் படித்தோமே, செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று. எங்கள் காரில் அவை 14 மில்லிமீட்டர் சமமில்லை.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கலாம். லாரி, ஜீப் வகைகளுக்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடி அதன்மேல் உட்காரும். இன்றைய கார்கள் பெரும்பாலும் மோனோகாக். தனி சேஸிஸ் கிடையாது. தகடுகளைச் சேர்த்து வெல்டு செய்த கூடே சேஸிஸ். மோதினால் முன்பகுதி வரிசையாக மடங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் உட்காரும் கூண்டு மடங்கக் கூடாது. இந்த யோசனைக்கு மெர்சிடிஸ் பென்ஸில் வேலை பார்த்த பேலா பாரெனி 1952-இல் காப்புரிமை பெற்றார். 1959-இல் அந்தக் கம்பெனி இதன்படி காரே விட்டது. அதே 1959-இல்தான் வால்வோவின் நில்ஸ் போலின் செய்த மூன்று முனை சீட் பெல்ட்டும் காரில் வந்தது. எங்கே மடங்க வேண்டும், எந்த வரிசையில் மடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த தகடு அது. அதைக் கேஸ் வெல்டிங்கில் செக்கச்செவேலென்று பழுக்கவைத்தால் சுற்றியுள்ள இரும்பின் பலமே மாறிவிடும். அடுத்த மோதலில் அது எப்படி மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சரியான முறை என்றால், பழைய ஸ்பாட் வெல்டை டிரில்லால் எடுத்து, தகட்டை மாற்றி, பழையபடி ஸ்பாட் வெல்டோ, அந்தந்த ஓட்டையில் சிஓ2 வெல்டோ வைக்க வேண்டும். அதற்கு முன் வண்டியை ஜிக்கில் கட்டி இழுத்து, அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வெல்டிங் ஆரம்பிக்கும் முன் பாட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் எலக்ட்ரானிக் சாமான் போய்விடும்.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அதே புரோக்கருக்கு அப்பா போன் போட்டார். அவர் கொஞ்சமும் கூசாமல், "கைமாத்தி விட்டுரலாம் அண்ணே, பார்ட்டி ரெடியா இருக்கு" என்றார். பார்ட்டி யார் என்றால், டியூஷன் பிள்ளைகளை ஏற்றி இறக்க கார் தேடும் ஒருவர்.

நான் கூடாது என்றேன். அப்பா முதல் முறையாக என்னிடம் கத்தினார். "நம்ம தலையில கட்டினவன் யோசிச்சானா? நகையை யாரு மீட்பா? உன் பீஸை யாரு கட்டுவா?" எனக்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை. படிப்பு இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. தெரியாமல் விற்றிருப்போம், யாரும் எங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். என்னைப் படிக்கவைத்ததற்கு வீட்டுக்கு வந்த முதல் பலன் இப்படி ஒரு செலவா என்று எனக்கே அழுகை வந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டே இருந்தார். விடியற்காலையில் என்னை எழுப்பி, "உங்க மேஸ்திரி எவ்வளவு கேப்பாரு?" என்றார்.

38,000 ஆயிற்று. ஏப்ரானை உடைத்துப் பிரித்த வேறு வண்டியிலிருந்து அளவாக வெட்டி எடுத்து வந்தோம். ஜிக் வேலைக்கு மதுரைக்குப் போனோம். பதினோரு நாள் வண்டி ஓடவில்லை. இன்சூரன்ஸில் ஒரு பைசா கேட்க முடியாது. பழைய விபத்து, அதோடு நாங்கள் போட்டிருந்தது தேர்டு பார்ட்டி மட்டும். அது 1988-ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம், ஆனால் நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்குத் தராது. முழு இன்சூரன்ஸ் போட்டிருந்தாலும் முழுத்தொகை வரும் என்று நம்பிவிடாதீர்கள். ரப்பர், பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதி கழிப்பார்கள். இரும்புத் தகட்டுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள்; ஐந்து வருஷம் தாண்டினால் 40 சதவீதம். இந்தக் கழிவு வேண்டாம் என்றால் பூஜ்ய தேய்மானப் பாலிசி என்று கூடுதலாகக் கட்ட வேண்டும்.

விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆள், பிறகுதான் வண்டி. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குச் சேர்ப்பது ஓட்டியவரின் சட்டப்படியான கடமை. வழியில் போகிற நாம் உதவினால் நம்மை வழக்கில் இழுக்க மாட்டார்கள். 2019 திருத்தத்தில் அதற்கென்றே 134 ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். பிறகு நாலு பக்கமும் போட்டோ. வண்டிக்கு அடியில் தண்ணீரோ ஆயிலோ சொட்டினால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவிடாதீர்கள். பம்பருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று திருப்திப்படாதீர்கள். பிளாஸ்டிக் பம்பர் உள்ளே போய் மறுபடி வெளியே வந்துவிடும். அதன் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டம் வளைந்தது வளைந்ததுதான். பலமான மோதலுக்குப் பின் சீட் பெல்ட்டையும் மாற்ற வேண்டும். ஏர்பேக் உள்ள வண்டி என்றால், சாவி போட்டதும் அதன் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தினசரிப் பராமரிப்பில் நம் ஆட்கள் ஆயிலை மட்டும் பார்ப்பார்கள். பிரேக் ஆயிலை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வண்டியில் அது காப்பி டிகாஷன் மாதிரி இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கலாம். கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது வழியெல்லாம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவி குமிழியானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் வாருங்கள். நியூட்ரலில் இறங்கி டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பற்றி எனக்குப் பேசவே பிடிக்கவில்லை.

டயரில் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். வெள்ளத்தில் முங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நிறைய இன்ஜின்கள் போனது தண்ணீர் புகுந்ததால் மட்டுமல்ல, புகுந்த பிறகு சாவியைத் திருப்பியதாலும்தான். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

எங்கள் கார் இப்போது நேராகப் போகிறது. கேம்பர் வந்துவிட்டது. அம்மாவின் வளையல் மீண்டுவிட்டது, செயின் இன்னும் பாங்கில்தான் இருக்கிறது. கடைசி டெர்ம் பீஸை நான் தாமதமாகக் கட்டினேன். ஆபீஸில் காரணம் கேட்டபோது சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன். புரோக்கர் அந்த டியூஷன்காரருக்கு வேறு ஏதோ ஒரு வண்டியை முடித்துக்கொடுத்ததாகக் கேள்வி. அதை யாராவது பார்த்தார்களா என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டில் பழைய கார் வாங்கப் போகிறார்கள் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடுங்கள். வெயில் இருக்கும்போது போவோம். காந்தமும் டேப்பும் என் பையில் இருக்கின்றன. டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.