இனிப்பு நீர் பதினாலு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பெரியம்மா போன் செய்தால் முதல் கேள்வி "பசியாறியாச்சா?" என்பதுதான். நான்கு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அதைக் கேட்டு முடித்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு இனிப்பு நீர் பதினாலாம் தம்பி. மிஸி ஏசிட்டாங்க." மிஸி என்றால் அங்கே நர்ஸ். இனிப்பு நீர் என்றால் நீரிழிவு. மலாயிலும் 'கெஞ்சிங் மானிஸ்' என்பார்கள், அதற்கும் அதே பொருள்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குப் பதினாலு என்ற எண் உறைக்கவே இல்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் நூற்றெண்பது, இருநூற்றைம்பது என்பார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. இரத்தச் சர்க்கரையை மலேசியாவில் மில்லிமோல் கணக்கில் அளக்கிறார்கள், நாம் மில்லிகிராமில் அளக்கிறோம். அவர்கள் சொல்வதை 18 ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். பெரியம்மாவின் பதினாலு நமக்கு 252. வெறும் வயிற்றில் 7 வந்தாலே நீரிழிவு; அது நம் 126. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ உறவினர் இருக்கும் எல்லாரும் இந்தப் பெருக்கலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போனில் சின்ன எண்ணாகக் கேட்பது சின்ன விஷயம் அல்ல.

மலேசியாவில் இந்திய வம்சாவளியினர் சுமார் 20 லட்சம் பேர், பெரும்பாலோர் தமிழர். அந்நாட்டு அரசு 2019இல் நடத்திய தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மட்டும் தனியாகப் பார்த்தால் 31.4 சதவீதம். ஒரு கல்யாணப் பந்தியில் பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்தால் மூன்று பேர். மலாய்க்காரரும் சீனரும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள், அதே கடையில்தான் தேநீர் குடிக்கிறார்கள். பிறகு ஏன் நம்மவர்களுக்கு மட்டும் இவ்வளவு?

"நாக்கைக் கட்டத் தெரியாதவங்க" என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் உண்டு. அது அநியாயமான பேச்சு. நாக்குக்கும் இதில் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு உடலுக்கும் அது வந்த வழிக்கும்.

பெரியம்மாவின் தாத்தா கங்காணியின் பேச்சை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். கங்காணி முறையில் ஆள் எடுப்பதற்கு 1938இல் தடை வரும்வரை அப்படிப் போனவர்கள் லட்சக்கணக்கில். பெரியம்மா ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், பதின்மூன்று வயதில் பால்வெட்டுக்குப் போனவர். அந்த வேலையை அவர் வாயால் கேட்க வேண்டும். விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பெயர் கொடுக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்ட ஆரம்பிப்பார்கள். ஒரு ஆளுக்கு ஐந்நூறு மரம். ஒவ்வொன்றிலும் குனிந்து, பட்டையைச் சீவி, பால் வடியும் கிண்ணமான மங்கைச் சரிசெய்துவிட்டு அடுத்த மரத்துக்கு நடை. வெட்டி முடித்துத் தூக்குச்சட்டிச் சோற்றைச் சம்பாலோடு சாப்பிட்டு எழுந்தால், மறுபடி அதே ஐந்நூறு மரத்தையும் சுற்றி வந்து பாலைச் சேர்க்க வேண்டும். நிறைந்த வாளிகளைத் தோள்கம்பில் மாட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டோர்வரை சுமக்க வேண்டும். மூன்று வேளையும் சோறுதான் தின்றார்கள். அது இரத்தத்தில் தங்க நேரமே இருக்கவில்லை.

தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. கூலி குறைவு, கடன் நிறைய, கள்ளுக்கடை லயத்துக்கு எதிரிலேயே. ஆனால் கீரைப் பாத்தியும் முருங்கையும் வாசலில் இருந்தன, கால்கள் ஓயவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்கள் ஆயின. லயத்துக் குடும்பங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போயின. பெரியப்பா ஒரு தொழிற்சாலை வாசலில் காவலாளி ஆனார், பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில். தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் மாறவே இல்லை.

இதன் உடற்கணக்கு எளிது. நாம் சாப்பிடும் மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதில் பெரும்பகுதியை எடுத்துச் சேமிப்பது தசை. தசை வேலை செய்தால் களஞ்சியம் காலியாகும், அடுத்த வேளைக்கு இடம் இருக்கும். தசை சும்மா இருந்தால் களஞ்சியம் நிறைந்தபடியே கிடக்கும். இன்சுலின் எவ்வளவு தட்டினாலும் கதவு சரியாகத் திறக்காது. மிஞ்சிய சர்க்கரை கொழுப்பாகிக் கல்லீரலிலும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் படியும். அந்தக் கொழுப்பு இன்சுலினின் வேலையை இன்னும் கெடுக்கும்.

இந்திய உடலில் தசை முதலிலேயே குறைவு, கொழுப்பு கூடுதல். ஒல்லியாகத் தெரிபவரிடம்கூட அப்படித்தான். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக், தம்மையும் தம் ஆங்கிலேய நண்பரான மருத்துவர் யுட்கினையும் வைத்தே இதைக் காட்டினார். 2004இல் லான்செட் இதழில் இருவர் படமும் வந்தது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. இது கருப்பையிலேயே தொடங்குகிறது. புனேயில் பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5 கிலோ. எடை அவ்வளவு குறைந்தும், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. லண்டன் சவுத்ஹாலில் குடியேறிய தெற்காசியரிடம் நடந்து 1991இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. அவர்களிடம் நீரிழிவு வெள்ளையரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு, குற்றவாளி வயிற்றுச் சுற்றளவு.

அதனால்தான் எடை மெஷினைவிட டெய்லர் டேப்பை நான் நம்புகிறேன். மூச்சை இயல்பாக விட்ட நிலையில் தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றுங்கள். ஆணுக்கு 90 செண்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால், உடம்பு ஒல்லியாகவே தெரிந்தாலும், ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இனி தேநீர்க்கடை. அங்கே காலைப் பசியாறல் என்றால் பாதிப் பேருக்கு ரொட்டி சானாயும் தே தாரிக்கும்தான். ரொட்டி, மைதாவும் கொழுப்பும். தே தாரிக்கில் ஊற்றும் டின்பாலில் ஏறத்தாழ பாதி சர்க்கரைதான். சர்க்கரைக்குக் கொடுத்துவந்த மானியத்தை மலேசிய அரசு 2013இல் நிறுத்தியது. 2019 ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. நல்ல காரியங்கள்தான். ஆனால் அந்த வரி ஆலையில் அடைத்து வரும் பானத்துக்கு. கடைக்காரர் கண்முன்னே ஆற்றித் தரும் தேநீருக்கு அல்ல. அங்கே நம் வாய்தான் காவல். "தே ஓ கொசோங்" என்றால் பாலும் சீனியும் இல்லாத தேநீர் வரும். அவ்வளவு முடியாதவர் "கூராங் மானிஸ்" என்று சொல்லலாம், இனிப்பு குறையும். பெரியம்மா முதல் மாதம் கூராங் மானிஸ், மூன்றாம் மாதம் கொசோங். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அடுக்குமாடியைச் சுற்றி இருபது நிமிட நடை. மூட்டுவலிக்காரரான அவரால் முடிந்தது அதுதான். ஆனாலும் சாப்பிட்ட உடனே நடக்கும் நடைக்குத் தனி மதிப்பு உண்டு. சர்க்கரை இரத்தத்தில் ஏறும் அதே நேரத்தில் தசை அதை வாங்கிக்கொள்கிறது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது தைப்பூசத்தைப் பற்றி.

மலேசியத் தமிழனின் ஆண்டுக் கணக்கு தைப்பூசத்தில்தான் ஆரம்பிக்கிறது. கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டர், அதன்பின் 272 படி. பெரியம்மா போவது ஈப்போவில், புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக்கு. தலையில் பால்குடம், வெறுங்கால். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடம்கூட அவர் விட்டதில்லை.

நீரிழிவு கண்டு இரண்டாவது தைப்பூசத்தில் நேர்த்திக்கடன் முடித்து வீடு திரும்பி, டிவி முன் உட்கார்ந்திருந்தார். டைல்ஸ் தரையில் அவர் நடந்து வந்த வழியெங்கும் ஈரத் தடம் இருப்பதைப் பேத்திதான் கவனித்தாள். காலைத் தூக்கிப் பார்த்தால், குதிகாலுக்கு முன்னால் ஐம்பது சென் நாணயம் அளவுக்குக் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. பெரியம்மாவுக்கு வலி துளியும் இல்லை. "முருகன் தாங்கிட்டான்" என்று சொன்னாராம். அவர் பக்தியை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் வலிக்காததற்குக் காரணம் வேறு. பல காலம் கூடியே இருந்த சர்க்கரை பாதத்து நரம்புகளைத் தின்றிருந்தது. கால் மரத்துப் போயிருந்தது. வலி தெரியாத காலில் புண் வந்தால் யாரும் அறியார், அறியாத புண் சீழ் பிடிக்கும், சீழ் எலும்புவரை போனால் விரலையோ காலையோ எடுப்பதில் முடியும். அந்தப் புண் ஆற ஏழு வாரம் ஆனது.

வெறுங்காலோடு நடப்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை, சொன்னாலும் கேட்கமாட்டார்கள். ஆனால் போகுமுன் பாதத்தைச் சோதித்துக்கொள்ளலாம். கிளினிக்கில் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்டது தெரியவில்லை என்றால் உணர்வு போயிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. தீமிதியும் வேண்டாம். வேண்டுதலை வேறு வழியில் செலுத்தலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. உணர்வு இருப்பவரும் வெயிலுக்கு முன் போய்விட வேண்டும். திரும்பியதும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரம் போகத் துடைத்து, ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். பெரியம்மாவின் கட்டிலடியில் இப்போது ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி உண்டு. தினம் இரவு அதில் பாதம் பார்த்த பிறகுதான் படுக்கை.

விரதமும் அப்படித்தான். தைப்பூசத்துக்குமுன் பலர் வாரக்கணக்கில் ஒருவேளை உணவோடு இருக்கிறார்கள், மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொள்கிறார்கள். சில மாத்திரைகள், குறிப்பாகக் கிளிக்லசைட் போன்றவை, சாப்பாடு இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கும். சர்க்கரை மளமளவென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழ நேரும். இன்சுலின் ஊசிக்கும் இதே ஆபத்து. மலேசியக் கிளினிக்குகளில் இதற்கு நல்ல பழக்கம் இருக்கிறது. ரமலான் நோன்புக்கு முன்னால் முஸ்லிம் நோயாளிகளுக்கு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவது அங்கே வாடிக்கையான வேலை. நம் விரதத்துக்கும் அதே முறையில் மாற்றித் தருவார்கள். ஆனால் "நான் விரதம்" என்று நாம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெரியம்மா ஏழெட்டு மாதம் சொல்லவே இல்லை. கேட்டால், "சாமி விஷயத்தை ஆஸ்பத்திரியில சொல்லலாமா?" என்றார். தாராளமாகச் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும்.

இரண்டு பயங்களை மட்டும் தொட்டுவிடுகிறேன். "ஊசி போட்டா கடைசி" என்பது ஒன்று. பலர் இன்சுலினைத் தள்ளிப்போட்டு, சிக்கல் முற்றிய பிறகே ஊசிக்கு வருகிறார்கள். அதன்பின் கெடுதல் நடந்தால் பழி ஊசிமேல் விழுகிறது. "மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்பது இன்னொன்று. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவால் வருகிறவர்கள். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் வருடக்கணக்கில் முன்கூட்டியே தெரியும். அரசுக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். கால்கடுக்கக் காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. பெரியம்மா இப்போது காலை ஆறரைக்கே போய் நம்பர் எடுக்கிறார்.

தரையில் ஈரத் தடத்தைக் கண்டுபிடித்த பேத்தி இப்போது ஆறு மாத கர்ப்பிணி. 24 முதல் 28 வாரத்துக்குள் குளுகோஸ் குடிக்கவைத்து இரத்தம் எடுக்கும் சோதனை அவளுக்கு முக்கியம். குடும்பத்தில் நோய் இருப்பதால் இன்னும் முக்கியம். கர்ப்பத்தில் சர்க்கரை ஏறினால் குழந்தையின் உடலும் அதற்கேற்ப வார்க்கப்படும், தாய்க்கும் பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு கூடும். பிரசவமாகி ஆறு வாரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். குழந்தை வந்த அமளியில் பெரும்பாலோர் விடுவது இதைத்தான்.

வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்கு அந்தச் சோதனை. பெரியம்மாவும் கூடப் போகிறாராம். "அவ பசியாறாம போவணும், நான் மட்டும் எப்படிப் பசியாறுறது?" என்று நேற்றுப் போனில் கேட்டார். மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடக்கக் கூடாது பெரியம்மா, ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன்.