விருந்தினர் கண்ணும் வீட்டார் கண்ணும்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது நம் பழமொழி. மனிதரைப் பொறுத்தவரை அஃது உண்மையாயிருக்கலாம். நகரங்களைப் பொறுத்தவரையிலும் உண்மைதானா என்ற ஐயம் எனக்குச் சில ஆண்டுகளாகவே உண்டு.

அமிர்தசரஸில் வேலை பார்க்கும் ரயில்வே குமாஸ்தாவின் வீட்டில் விருந்தினருக்குக் குறைவிராது. ஊரிலிருந்து உறவினர் வருவர். டில்லி, லூதியானா, சண்டீகர் முதலிய இடங்களிலிருந்து நம் சங்கத்து அன்பர்களும் குடும்பத்தோடு வருவர். பொற்கோயில், ஜாலியன்வாலா பாக், அட்டாரி எல்லை ஆகிய மூன்றையும் இரண்டே நாட்களில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அவர்களுக்கு வழித்துணையாக நகரத்தின் நடுவீதியில் நடந்து நடந்து, அவர்கள் கூறும் கருத்துகளைக் கேட்டுக் கேட்டு, என் மனத்தில் தோன்றியவற்றையே இங்கு எழுதுகிறேன். நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். நகரமைப்புக் கலை கற்றவன் அல்லேன். ஆயினும் அவ்வீதியின் பழைய கோலத்தையும் புதிய கோலத்தையும் கண்ணாரக் கண்டவன் என்ற ஓர் உரிமை எனக்கு உண்டு.

வீதியின் புதுக்கோலம்

நான் மாற்றலாகி இங்கு வந்தது 2015-ஆம் ஆண்டில். அப்பொழுது டவுன் ஹாலிலிருந்து பொற்கோயிலுக்குச் செல்லும் வழியில் ரிக்‌ஷாக்களும் ஸ்கூட்டர்களும் கைவண்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். தலைக்கு மேலே மின்கம்பிகள் சிலந்தி வலைபோல் பின்னிக் கிடக்கும். ‘இவ்வூரில் நடுத்தெருவே இப்படியென்றால் சந்துகள் எப்படியிருக்குமோ!’ என்று வீட்டுக்குத் தொலைபேசியில் அலுத்துக்கொண்டது நினைவிருக்கிறது.

2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவ்வழி ‘பாரம்பரிய வீதி’ என்ற பெயருடன் திறக்கப்பட்டது. தரை முழுவதும் கல் பாவினார்கள். கம்பிகள் கண்ணுக்கு மறைந்தன. இருபுறத்துக் கட்டடங்களின் முகப்புகள் எல்லாம் செம்மணற்கல் நிறத்தில், பலகணி வேலைப்பாடுகளுடன் ஒரே சீராக அமைக்கப்பட்டன; கடைப் பெயர்ப் பலகைகளும் ஒரே மாதிரியாயின. மகாராஜா ரஞ்சித் சிங் குதிரைமேல் வீற்றிருக்கும் சிலை நாற்சந்தியில் எழுந்தது. வாகனங்கள் விலக்கப்பட்டன. இன்று கைக்குழந்தையோடு வருபவரும் கோலூன்றி நடக்கும் முதியவரும் அச்சமின்றி அவ்வழி நடக்கலாம். பொற்கோயிலுக்கு நாளொன்றுக்கு லட்சம் பேர் வரையில் வருவதாகப் பொதுவாகக் கூறுவர். அத்தனை பேருக்கும் இஃது எத்தகைய வசதி என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

இரண்டு விருந்தினர்

முதலில் வந்தவர் என் சிற்றப்பா. வீதியின் முனையில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். “அடேயப்பா! வெளிநாட்டுக்கு வந்ததுபோல் இருக்கிறதே! இப்படியல்லவா ஊரை வைத்துக்கொள்ள வேண்டும்!” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ நானே அக்கற்களைப் பாவியவன்போல் நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த ஆண்டு வந்தவர் என் மைத்துனர். பொறியியல் கல்லூரியில் ஆசிரியர். அவர் முகப்பொன்றைத் தட்டிப் பார்த்தார். “இது நாடக மேடையின் படுதா, அத்தான். முந்நூறு ஆண்டுப் பழமை என்று நினைக்க வேண்டுமென்று நேற்றுப் பூசிய பூச்சு” என்று கூறிவிட்டு, அதற்குப் பின் அவ்வீதியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஒருவர் புகழ்ந்தார், ஒருவர் இகழ்ந்தார். இருவரும் கண்டது முகத்தை மட்டுமே. அப்பொழுது எனக்கும் அது தெரியவில்லை.

பட்டப்பகலில் ஒரு விளக்கு

அவ்வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் சர்தார்ஜி ஒருவர் உண்டு. வயது எழுபதுக்கு மேல். சிற்றப்பாவை அவர் கடைக்கு அழைத்துச் சென்றபோது, “வீதி எவ்வளவு அழகாகிவிட்டது, தாத்தாஜி!” என்றேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, “ஆம் பேட்டா, நடந்து போகிறவர்களுக்கு அழகுதான்” என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் நான் சிற்றப்பாவிடம் தமிழில், “இவர்களுக்கு என்ன செய்து கொடுத்தாலும் குறைதான்” என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் எனக்கு நாணமாயிருக்கிறது.

சில மாதங்களுக்குப்பின் அவர் பேத்தியின் திருமணத்துக்கு அழைப்பு வந்தது. கடைக்கு மேலேதான் வீடு. மாடிக்குச் சென்றேன். பகல் பன்னிரண்டு மணி. கூடத்தில் மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏனென்று கேட்டேன். பெரியவர் ஒன்றும் பேசாமல் சன்னல் கதவைத் திறந்து காட்டினார். சன்னலுக்கு வெளியே ஒரு முழ தூரத்தில் புதிய முகப்பின் பின்புறம் தெரிந்தது. வீதியிலிருந்து பார்ப்பவருக்குப் பூவேலைப் பலகணி. வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு வெளிச்சத்தை மறைக்கும் சுவர். “முன்பெல்லாம் என் மனைவி இங்கே உட்கார்ந்துதான் பட்டாணி உரிப்பாள், கீழே போகிற காய்கறி வண்டிக்காரனோடு பேரம் பேசுவாள்” என்றார்.

அன்று அவர் வாணிகத்தைப் பற்றியும் மனம் விட்டுப் பேசினார். முன்பு கிராமத்துக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, கல்யாணத்துக்கு வேண்டிய துணி முழுவதையும் ஒரே கடையில் எடுத்து, மூட்டை கட்டி ஏற்றிச் செல்வார்களாம். இப்பொழுது வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு மூட்டையைச் சுமந்து நடக்க வேண்டியிருப்பதால் அவர்களிற் பலர் வேறு கடைத்தெருவுக்குப் போய்விட்டனராம். புதிதாக வருபவர் தொகை பெரிது. ஆனால் அவர்கள் வாங்குவது ஒரு கைவளை, ஒரு ஜோடி ஜூத்தி, ஒரு குவளை லஸ்ஸி. “பக்கத்து உணவுக் கடைக்காரருக்கு நல்ல காலம், அவர் நன்றாயிருக்கட்டும். எனக்குக் கூட்டம் உண்டு, வாடிக்கை இல்லை” என்றார். வசையும் இல்லை, வாழ்த்தும் இல்லை; கணக்குப் பார்த்துச் சொன்ன சொல் அது.

புதுப்பித்தல் புதியதன்று

இந்நகரத்தின் நடுவிடம் மாற்றப்படுவது இது முதன்முறையன்று. பொற்கோயில் திருக்குளத்தைச் சுற்றிச் சீக்கியத் தலைவர்கள் கட்டிய ‘புங்கா’ என்னும் மாளிகைகள் ஒரு காலத்தில் நிறைந்திருந்தன. 1849-இல் பஞ்சாபைக் கைக்கொண்ட ஆங்கிலேயர், அவற்றுட் சிலவற்றை அகற்றிவிட்டுத் தங்கள் நாட்டுக் கோதிக் பாணியில் மணிக்கூண்டு ஒன்றைக் கட்டி 1874-இல் முடித்தனர். ஊருக்கு ஒட்டாத அக்கூண்டு 1940-களில் இடிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பக்கத்து வாயிலை மக்கள் இன்றும் ‘கண்ட்டா கர்’, அதாவது மணிக்கூண்டு வாயில் என்றே அழைக்கின்றனர். 1947-இல் பிரிவினைக் கலவரத்தில் கடைத்தெருக்கள் பல தீக்கிரையாயின. நகர மக்களில் ஏறத்தாழப் பாதியினராயிருந்த முஸ்லிம்கள் எல்லை கடந்து சென்றனர். அங்கிருந்து அகதிகள் வந்து குடியேறினர். 1984, 1988 ஆகிய ஆண்டுகளின் துயர நிகழ்ச்சிகளுக்குப் பின், கோயிலைச் சுற்றியிருந்த கடைகளும் வீடுகளும் அகற்றப்பட்டு, ‘கலியாரா’ என்னும் திறந்தவெளி அமைந்தது.

இன்று வரும் விருந்தினர் கலியாராவின் புல்தரையைப் பார்த்து, ‘காற்றோட்டமாக இருக்கிறது’ என்பார். அது மெய்யே. அங்கு யாருடைய அடுப்பங்கரை இருந்தது என்பதை அறிந்தவருக்குத்தான் அப்புல்தரை வேறுவிதமாகத் தோன்றும்.

ஒரே பொருள் இருவர் கண்ணுக்கு இருவிதமாகத் தோன்றுவதற்கு மற்றுமோர் உதாரணம்: வீதியில் பாங்க்ரா, கித்தா நடனமாடுவோரின் சிலைகளை நிறுவியிருந்தனர். வெளியூரார் அவற்றின் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டனர். சீக்கியருட் பலருக்கோ, திருக்கோயிலுக்குச் செல்லும் வழியில் ஆடற்சிலைகள் இருப்பது பொருந்தாததாகப்பட்டது. எதிர்ப்பு வலுத்து, 2020-ஆம் ஆண்டில் அச்சிலைகள் அகற்றப்பட்டன. விருந்தினருக்கு அது பஞ்சாபின் அடையாளம். வீட்டாருக்கு அது வழிபாட்டு வழியில் ஓர் இடையூறு.

ஜாலியன்வாலா பாக்கின் செய்தி இன்னும் நுட்பமானது. 1919 ஏப்ரல் 13-இல் டயரின் படை நுழைந்த குறுகிய சந்து, வெறுஞ்சுவர்களோடு நெடுங்காலம் அப்படியே இருந்தது. நான் முதன்முறை அதனுள் நுழைந்தபோது, ஓடுவதற்கு வேறு வழியில்லாத மக்களின் நிலை நெஞ்சைப் பிசைந்தது. 2021-இல் அவ்விடம் புதுப்பிக்கப்பட்டபோது, அச்சுவர்களில் மனித உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக வைக்கப்பட்டன. வரலாற்றாசிரியர் சிலர் இதனைக் கண்டித்தனர். புதிதாக வருவோர் பலர், ‘நன்றாகப் பராமரிக்கிறார்கள்’ என்று பாராட்டிச் செல்கின்றனர். வெறுமையும் சில இடங்களில் பேசும் என்பதை முன்பு பார்த்தவர்தாம் அறிவர்.

ஆனால் குறையே கூறுவது என் நோக்கமன்று. அதே வீதியின் தொடக்கத்திலுள்ள பழைய டவுன் ஹாலில், 2017-இல் பிரிவினை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. எல்லை கடந்த குடும்பங்கள் தாங்கள் கொண்டுவந்த பொருள்களையும் நினைவுகளையும் அதற்கு அளித்துள்ளன. அங்கு வெளியூராரும் பேசாமல் நிற்கின்றனர்; உள்ளூராரும் பேசாமல் நிற்கின்றனர். கட்டடம் பழையது, பயன் புதியது, உள்ளே இருப்பது மக்கள் தாமே தந்தது. புதுப்பித்தல் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

என் ஊரில் நான் விருந்தினன்

2023-இல் ரஜா எடுத்துக்கொண்டு என் ஊராகிய மதுரைக்குச் சென்றேன். சீர்மிகு நகரத் திட்டத்துக்கு அமிர்தசரஸும் மதுரையும் 2016 செப்டம்பரில் ஒரே பட்டியலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரங்கள் என்பதை நேயர்கள் சிலர் அறிந்திருக்கலாம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் கல் பாவியிருந்தார்கள். எதிரேயுள்ள புது மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்த தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும், திருமலை நாயக்கர் காலத்துத் தூண்களைக் காக்கும்பொருட்டு, வேறு கட்டடத்துக்கு மாற்றப்பட்டிருந்தனர். அத்தூண்கள் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை.

பள்ளி நாட்களில் எனக்குச் சட்டை தைத்துக் கொடுத்த தையற்காரரை வழியில் கண்டேன். என்னையறியாமல், “அண்ணே, ஊரே அழகாயிடுச்சே!” என்றேன்.

அவர் சிரித்தார். “நீங்க பார்த்துட்டுப் போறதுக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சர்தார்ஜி பஞ்சாபியில் சொன்னதை இவர் மதுரைத் தமிழில் சொல்லிவிட்டார். பிறந்த ஊரில் நான் விருந்தினனாகிவிட்டேன். பிழைக்க வந்த ஊரில் வீட்டாரின் இருட்டை அறிந்தவனாகிவிட்டேன். வெளிமாநிலங்களில் வாழும் நம் எல்லோருடைய நிலையும் ஏறத்தாழ இதுதான்.

நாம் செய்யக்கூடியது

ஊர் என்பது விருந்தினருக்குக் காட்சி, வீட்டாருக்கு வாழ்க்கை. பார்ப்பவருடைய பாராட்டை எதிர்பார்த்தே முகப்புகள் எழுகின்றன. ஆகையால் நாம் போகிறபோக்கில் சொல்லும் ‘அழகு’ என்ற சொல்லுக்கும் ‘போலி’ என்ற சொல்லுக்கும் நாம் நினைப்பதைவிட வலிமை அதிகம். அவ்விரண்டில் எதைச் சொல்வதற்கு முன்னும் அங்கு குடியிருக்கும் ஒருவரிடம், ‘உங்களுக்கு இது எப்படியிருக்கிறது?’ என்று ஒரு கேள்வி கேட்கலாம். அமிர்தசரஸுக்கு வரும் அன்பர்கள் வீதியோடு திரும்பிவிடாமல், அதன் பின்னேயுள்ள ‘கட்ரா’ என்னும் பழைய பேட்டைகளிலும் அப்பளமும் வடியும் விற்கும் கடைகளிலும் அரைமணி நேரம் செலவிடலாம். நம்மில் பல ஆண்டுகளாக ஓர் ஊரில் குடியிருப்பவர்கள், ‘நமக்கென்ன, இவர்கள் ஊர்’ என்று ஒதுங்காமல், அவ்வூர்க் காரியங்களில் வீட்டாரோடு சேர்ந்து நிற்கலாம்.

இப்பொழுது என் வீட்டுக்கு வரும் விருந்தினரை முதலில் வீதியின் அழகைப் பார்க்கச் சொல்கிறேன், அது பார்க்கத்தக்கதே. பின்னர் சர்தார்ஜியின் கடைக்கு அழைத்துச் செல்கிறேன். வெள்ளை விரிப்பின்மேல் உட்கார வைத்துத் தேநீர் வரவழைப்பார். நம் பெண்கள் புல்காரித் துப்பட்டா ஒன்றிரண்டு எடுப்பார்கள். போன மாதம் வந்த ஒரு சிறுமி, மாடியைக் காட்டி, “தாத்தா, பகலில் ஏன் விளக்கு எரிகிறது?” என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். பெரியவர் அவள் தலையில் கை வைத்து, “இத்தனை பேர் வந்தார்கள் பேட்டி, நீதான் மேலே பார்த்தாய்” என்றார்.